ஐந்து வைரமேகன்கள்

மாகறல்
10.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தேவகி எழுதுவது. இங்கே நானும் இவரும் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா? சர்க்கரை மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா?

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். நாலு வருஷத்துக்கு முன்னால் கெங்கையம்மன் சன்னதியில் கற்பூரத்தை அணைத்து, "இனிமே இவகூட பேசமாட்டேன், இவ வூட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று சத்தியம் பண்ணினீர்கள். பேச்சைத்தான் சொன்னீர்கள், எழுத்தைச் சொல்லவில்லை. நன்றாக யோசித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் வந்துவிடும் ஊருக்குத் தபால் எழுதுகிறாயே என்று இவர் சிரிக்கிறார்.

விஷயம் இதுதான். எங்கள் அங்கன்வாடியில் இந்த வாரம் புதுப் பிள்ளைகளைச் சேர்த்தோம். ஒரு பையனின் ஆதார் அட்டையை வாங்கிப் பெயரை எழுதப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு வயது, இரண்டு மாதம். பெயர் வைரமேகன்.

உலகத்திலேயே ஒருத்தனுக்குத்தான் அந்தப் பெயர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அதனால் எழுதினேன். வேறு ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை
தேவகி


உத்திரமேரூர்
24.6.2024

தேவகிக்கு,

தாமோதரன் எழுதுவது. நான் நலம். முட்டி எப்போதும்போல் இருக்கிறது. மாத்திரை போடுகிறேன்.

சத்தியத்தில் எழுத்து சேராது என்று நீயே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாய். பூசாரியைக் கேட்டேன். அவரும் சேராது என்றார். அதனால்தான் இந்தப் பதில்.

யார் அந்தப் பையன்? தகப்பன் எந்த ஊர்? அந்தப் பெயர் அவனுக்கு எங்கே கிடைத்தது? என் பிள்ளை பிறந்த வருஷம் பெரிய ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது உனக்கே நினைவிருக்கும். அந்த வாரம்தான் கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வாத்தியார் வந்தார். கோயில் சுவரைத் தடவித் தடவிப் படித்துவிட்டு, "உங்க ஏரிக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வைரமேகத் தடாகம்னு பேரு" என்றார். பொறந்தால் இப்படி ஒரு பேரோடு பொறக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன். உன் அண்ணி தமிழ்ச்செல்வி வேறு ஏதோ பெயர் சொன்னாள், நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பெயரைக் கூப்பிட்டால் மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும்.

அப்படிப்பட்ட பெயர் வேண்டாம் என்று கெஜட்டில் மாற்றிக்கொண்டான் ஒருத்தன். அந்த கெஜட் என் வீட்டுக்கே தபாலில் வந்தது. பெயர் வேண்டாதவனுக்கு வீடு எதற்கு என்று கேட்டேன். அன்று உன் வீட்டுக்குத்தானே வந்தான்? "அப்பாகிட்ட போடா" என்று நீ ஒரு வார்த்தை சொன்னாயா? காலையில் இட்லி சுட்டுப் போட்டு பஸ் ஏற்றி அனுப்பினாய். நாலு வருஷமாக எங்கே இருக்கிறான் என்று தெரியாது. இதையெல்லாம் நான் மறக்கவில்லை.

கேட்டதற்குப் பதில் எழுது.

தாமோதரன்


மாகறல்
2.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டியாவது எழுதினீர்களே என்று சந்தோஷப்பட்டேன். இங்கே எல்லாரும் சுகம். செய்யாற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை.

பையனின் அம்மாவைக் கேட்டேன். கூலி வேலைக்குப் போகிற பெண். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆஸ்பத்திரி போய்க்கினு இருக்க சொல்லவே வண்டியில வலி எடுத்துட்ச்சி டீச்சர். பாலத்தாண்ட ஓரம்கட்டி நிறுத்திட்டாங்க. வண்டி ஓட்டுன அண்ணன் எங்க மாமியார் கையைப் புட்சிக்கினு தைரியம் சொல்லிக்கினே இருந்தாரு. புள்ள பொறந்ததும் பேரு இன்னான்னு கேட்டோம். வைரமேகன்னாரு. யாருக்கும் இல்லாத பேரா கீதேன்னு அதையே வெச்சிட்டோம்." கூட வந்து பிரசவம் பார்த்த உதவியாளர் பெயர் ஜானாம். அந்தப் பெயரில் தெருவுக்கு ஒருத்தர் இருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள்.

போன வாரம் மீட்டிங்கில் பழையசீவரம் டீச்சரிடம் இதைச் சொன்னேன். "எங்க சென்டர்லயும் ஒண்ணு கீதுக்கா" என்கிறாள். அதுவும் அதே ஆம்புலன்ஸ் கதைதான்.

நம் ஜெகன்தான் அந்த வண்டியை ஓட்டுகிறான் அண்ணா. உயிரைக் காப்பாற்றுகிற வண்டி.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அண்ணி இருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

தேவகி


உத்திரமேரூர்
8.7.2024

தேவகிக்கு,

நலம். நலம் விசாரிக்க நேரமில்லை.

முதலில் ஒன்று சொல்கிறேன். அந்தப் பெயரை என் வீட்டுக்கு வருகிற கடிதத்தில் எழுதாதே. நான் வைக்காத பெயர் என் வீட்டுக்குள் வர வேண்டாம்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. இன்று காலை முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போனேன். விசாரித்து விசாரித்து ஆம்புலன்ஸ்காரர்கள் ஆபீசைக் கண்டுபிடித்தேன். தினகரன் என்று ஒரு தம்பி, மரியாதையாகத்தான் பேசினான். வைரமேகன் என்றேன். கம்ப்யூட்டரில் தட்டினான், இல்லை. திரும்பவும் தட்டினான். "அந்தப் பேர்ல டிரைவரே கிடையாது சார். வேற பேர் எதனா கீதா?" என்று கேட்டான்.

இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாளெல்லாம் நிலைகொள்ளவில்லை. கொல்லையில் மோட்டார் போட்டுவிட்டு நிறுத்த மறந்து, நெல் நாற்றங்கால் முழுக்கத் தண்ணீர். இரண்டு பிள்ளைகளுக்குப் பெயர் கொடுத்தவன் ஒரு ஆபீசிலும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? உனக்குத் தெரிந்திருந்தால் சொல். வைரமேகன் எங்கே?

தாமோதரன்


மாகறல்
15.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ள வேண்டாம். இவருக்குக் காய்ச்சல் வந்து இப்போதுதான் எழுந்து நடக்கிறார். எனக்கு ஒன்றும் இல்லை.

இன்றைக்குக் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தோம். எங்கள் அங்கன்வாடி வைரமேகன் இரண்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு இல்லை என்று கையை விரித்தான். ஐயங்கார்குளத்தில் ஒரு வைரமேகன் இருக்கிறான், களக்காட்டூரில் ஒருத்தன் கைக்குழந்தை. ஆக நாலு பேர் அண்ணா. ஒருத்தருக்கும் இல்லாத பெயர் என்று ஆளாளுக்கு ஆசைப்பட்டு வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்ல முடியாது. நீங்கள் மட்டும்தான் சத்தியம் பண்ணுவீர்களா? நானும் ஒருத்தனுக்கு, அவன் தலையில் கைவைத்து வாக்குக் கொடுத்திருக்கிறேன். என்ன வாக்கு என்றும் சொல்லக் கூடாது. இவ்வளவு எழுதுவதே பாதி மீறல்தான். பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

அந்த ஆபீஸ் தம்பி உங்களிடம் ஒன்று கேட்டானே, அவன் நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறான்.

தேவகி


உத்திரமேரூர்
26.8.2024

தேவகிக்கு,

மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா? நிலவேம்புக் கஷாயம் வைத்துக் கொடு. நான் நலமாக இல்லை, ஆனால் உடம்பு சரியாகத்தான் இருக்கிறது.

உன் நாலோடு ஒன்றைச் சேர்த்துக்கொள். வியாழக்கிழமை கொசுவலை வாங்க பஜாரில் சிராஜுதீன் பாய் கடைக்குப் போனேன். கல்லாப்பெட்டி மேல் ஒரு பொடியன் ஏறி நின்றுகொண்டிருந்தான். உள்ளேயிருந்து பாயின் மகள் ஷப்ரீன், "டேய் வைரமேகா, எறங்குடா" என்று கத்தினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிவாசல் பெயர் வேறு இருக்கிறதாம், வீட்டில் கூப்பிடுவது இதுதானாம். "பொண்ணுக்கு வண்டியிலயே ஆயிட்ச்சி நைனா. அந்தப் புள்ள இல்லன்னா ரெண்டு உயிரும் இல்ல" என்று பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஷப்ரீனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். இளைத்திருந்தானா, மீசை வைத்திருக்கிறானா என்று. அவளுக்கு அந்த நேரத்தில் மீசையா தெரியும்? ஒன்று மட்டும் சொன்னாள். "பேரு இன்னாண்ணான்னு கேட்டேன். சட்டையில வேற ஏதோ பேரு போட்டு இருந்துச்சி. கொஞ்ச நேரம் ரோட்டைப் பாத்துக்கினு இருந்தாரு, அப்புறம்தான் சொன்னாரு."

எந்த ரோட்டை என்று கேட்டேன். கடைவீதி முனையில் நம் தெரு திரும்புகிறதே, அந்த ரோட்டை. என் வீட்டுக்கு இருநூறு அடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றிருக்கிறான். நான் அப்போது சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்திருப்பேன்.

இப்போதெல்லாம் சைரன் சத்தம் கேட்டால் செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடுகிறேன். தெருவில் சிரிக்கிறார்கள். போன வாரம் ஒரு வண்டியை நிறுத்தவே கை காட்டிவிட்டேன். உள்ளே நோயாளி இருக்கிறதுகூட எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு பேஜாராகிவிட்டது புத்தி.

என் பெயர் வேண்டாம் என்று போனவன், கேட்கிறவர்களுக்கெல்லாம் அதையே ஏன் சொல்கிறான்? வைரமேகன் எங்கே இருக்கிறான், தேவகி? கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்
தாமோதரன்


மாகறல்
30.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். அதிகம் எழுத முடியவில்லை.

இன்று திங்கட்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். இதோடு நாலு திங்களாகப் போகிறேன், இன்னும் எத்தனை திங்கள் போக வேண்டுமோ. அங்கன்வாடியில் முட்டை சரியாக வருகிறது. மழைக்காலம் வருகிறது, கொல்லைப்பக்கம் உடைந்த ஓடுகளை மாற்றிவிடுங்கள்.

தேவகி


உத்திரமேரூர்
4.10.2024

தேவகி,

திங்கட்கிழமை எந்தக் கோயில்? உங்கள் ஊர் ஈஸ்வரன் கோயில்தானே? அங்கே எதற்குப் போவார்கள் என்று இந்தச் சீமைக்கே தெரியும். கை கால் உடைந்தவர்கள், எலும்பு கூடாதவர்கள் அங்கேதான் வந்து வேண்டிக்கொள்வார்கள். உனக்கு எலும்பில் என்ன? மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றுதானே எழுதினாய்? அது விட்டு இரண்டு மாதம் ஆகிறதே.

யாருடைய எலும்பு, தேவகி?

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. உன் வீட்டு வாசல்படியை மிதிக்கக் கூடாது, அதனால் நேற்று மாகறல் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். நீ அங்கன்வாடிப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து வரிசையாக ரோட்டைத் தாண்டி கூட்டிக்கொண்டு போனாய். நான் கூப்பிடவில்லை, நீயும் பார்க்கவில்லை.

வைரமேகனுக்கு என்ன ஆயிற்று? உடனே எழுது.

தாமோதரன்


மாகறல்
9.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் அன்றைக்கு உங்களைப் பார்த்தேன். நீல வேட்டி. இளைத்துவிட்டீர்கள்.

வைரமேகனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த வைரமேகன்கள் ஐந்து பேர். எங்கள் சென்டர் வைரமேகனுக்குச் சளி. பழையசீவரத்து வைரமேகனுக்கு மொட்டை போட்டிருக்கிறார்கள். ஐயங்கார்குளத்து வைரமேகன் யாரையோ கடித்துவிட்டானாம். களக்காட்டூர் வைரமேகனுக்குப் பல் முளைக்கிறது. பஜாரில் இருப்பவனை நீங்களே பார்த்தீர்கள். ஐந்து பேரும் நன்றாக இருக்கிறார்கள். ஒருத்தனுக்கும் எலும்பு உடையவில்லை.

கோபம் வருகிறதா? வரட்டும். எனக்கும் நாலு மாதமாக வருகிறது. உங்கள் கடைசி மூன்று கடிதத்திலும் இதே கேள்விதான். நீங்கள் கேட்கிற மாதிரி கேட்டால் என்னால் இப்படித்தான் பதில் சொல்ல முடியும். வாய் முழுக்க உண்மையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் அண்ணா, தூக்கம் வருவதில்லை.

அண்ணி அவனை ஒரு நாளாவது வைரமேகன் என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா? பள்ளிக்கூடத்தில் "வைரம் எத்தினி கேரட்டுடா" என்று கேட்டு அழவைத்து அனுப்புவார்கள். வீட்டுக்குள் வந்ததும் அண்ணி கூப்பிடுகிற பெயரில்தான் அவன் அழுகையை நிறுத்துவான். அண்ணி போன ஆறாவது மாதம், அந்தப் பெயரைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லையே என்றுதான் கெஜட்டில் எழுதிக் கொடுத்தான். உங்களை எதிர்த்து அல்ல. கெஜட்டை நீங்கள் படித்தீர்கள், அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இதற்குமேல் எழுதினால் வாக்குத் தப்பிவிடும். மாத்திரை போடுங்கள்.

தேவகி


உத்திரமேரூர்
4.11.2024

தேவகிக்கு,

ஜெகன் எங்கே?

தாமோதரன்


மாகறல்
6.11.2024

அண்ணா,

தபாலில் போட்டால் இரண்டு மூன்று நாளாகும். இவரிடமே கொடுத்தனுப்புகிறேன். இவரோடு பேச மாட்டேன் என்று நீங்கள் சத்தியம் பண்ணவில்லை. உட்கார வைத்து ஒரு டீயாவது கொடுங்கள்.

வாலாஜாபாத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் காஜா மொய்தீன் அரிசி மண்டி. அதன் மாடியில் முதல் அறை. ஜெகன் என்று கேளுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் டியூட்டி முடிந்து பைக்கில் அறைக்குப் போகும்போது மாடு குறுக்கே வந்துவிட்டது. வலது தொடை எலும்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். கூட வேலை பார்க்கும் ஜான்தான் சோறு வாங்கிக் கொடுக்கிறான், நான் ஞாயிற்றுக்கிழமை போவேன். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நான் உங்களுக்குப் பாதி சொல்லி எழுதிய பதினைந்தாவது நாள் அது நடந்தது. அவன் தலையில் அடித்த சத்தியம் அண்ணா. என்னால்தான் ஆயிற்றோ என்று ஒவ்வொரு திங்களும் கோயிலைச் சுற்றினேன்.

வாக்கு என்ன என்று இப்போது சொல்லலாம். நாலு வருஷத்துக்கு முன்னால் இட்லி தின்றுவிட்டுக் கிளம்பும்போது என் கையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். "நைனா என்னைத் தேடிக்கினு வந்தா, ஜெகன் எங்கன்னு கேட்டா சொல்லு அத்தை. வைரமேகன் எங்கன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லிடு. இப்டி சொன்னேன்னும் அவருக்கு சொல்லக் கூடாது. அவராத்தான் கேக்கணும்" என்றான். என்ன பிடிவாதம், யாருக்குப் பிறந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் ஊரெல்லாம் அந்தப் பெயரைச் சொல்கிறாய் என்று நானும் கேட்டேன். "புதுசா ஒரு உசுரு வந்து கீது. பேரு கேக்கறாங்க. அப்போ நைனா வெச்சதுதான் அத்தை வாயில வருது" என்றான்.

சீக்கிரம் போங்கள்.

தேவகி


உத்திரமேரூர்
19.11.2024

அன்புள்ள தங்கை தேவகிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் ஜெகனும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல். மாப்பிள்ளை அன்று டீ சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் பேசினார். உன்னைப் பற்றி நிறையக் குறை சொன்னார்.

அன்றைக்கே போய்விட்டேன். அரிசி மண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்கப் போனால் வாய் பழக்கத்தில் "வைர" வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு ஜெகன் என்றேன். மாடிப்படியைக் காட்டினார். பதினெட்டுப் படி. இந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. கதவு திறந்திருந்தது. கட்டிலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து வாக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ஜெகன்" என்றேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. அவன் திரும்பவில்லை. கையிலிருந்த துணி மட்டும் நின்றுவிட்டது. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

"உக்காரு நைனா. படி ஏறக் கூடாதுல்ல நீ?" என்றான்.

ஏன் போனாய் என்று அவனை நான் கேட்கவில்லை, ஏன் துரத்தினாய் என்று அவனும் கேட்கவில்லை. வாக்கரின் ஒரு காலில் ரப்பர் தேய்ந்திருந்தது. கீழே இறங்கிப் போய்ப் புது ரப்பர் வாங்கி வந்து மாட்டினேன். தமிழ்ச்செல்வி சொன்னதை அன்றைக்கே கேட்டிருக்கலாம். இருபத்தெட்டு வருஷம் தாமதமாக எனக்குப் புத்தி வந்திருக்கிறது, அதையும் உன்னிடம்தான் எழுத முடிகிறது.

மறுநாள் கார் வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். பஜாரைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தச் சொன்னான். பாய் கடையில் அந்தப் பொடியனைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாக மடியில் வைத்தார்கள். "உன் பேரு இன்னாடா?" என்று ஜெகன் கேட்டான். "வைமேகன்" என்றது. இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

நீ பயந்தாயே, உன்னால் ஒன்றும் இல்லை. மாடுதான் காரணம். வருகிற திங்கட்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர்க் கோயிலுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை நீ இங்கே வா. கெங்கையம்மன் சன்னதியில் அதே இடத்தில் கற்பூரம் ஏற்றித் தப்பு என்று கும்பிட்டுக்கொண்டால் சத்தியம் இறங்கிவிடும் என்று பூசாரி சொல்கிறார். அதுவரைக்கும் இந்தக் கடிதம்தான்.

நேற்று கால் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி போனோம். பெஞ்சில் இடமில்லாமல் அவ்வளவு கூட்டம். அவன் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான். உள்ளேயிருந்து நர்ஸம்மா சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்கள், "ஜெகன், தகப்பனார் பேரு தாமோதரன்." அவன் கண்ணைத் திறப்பதற்குள் நான் எழுந்து கையைத் தூக்கி, "இங்க கீறோம்மா" என்று கத்திவிட்டேன். மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது.

உன் அண்ணன்
தாமோதரன்